யாருக்கு எவ்வளவு? ஒரு கணினியைப் பலர் பங்குபோட்ட வரலாறு

பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'கிளஸ்டர்' என்று ஒன்று இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் நூற்றுக்கணக்கான கணினிகளை அடுக்கி, கேபிளால் இணைத்து, ஒரே இயந்திரம் போல வேலை வாங்குகிற ஏற்பாடு அது. மழையைக் கணிக்கிறவர், புரதத்தின் வடிவத்தைத் தேடுகிறவர், பழைய பத்திரிகைப் பக்கங்களை ஆயிரக்கணக்கில் வாசிக்க வைக்கிற மொழியியல் மாணவி, எல்லாரும் பாவிப்பது அந்த ஒன்றைத்தான். ஆனால் யாரும் நேரே போய் வேலையைத் தொடங்கேலாது. முதலில் ஒரு கணக்கு வேண்டும். பிறகு 'எனக்கு இத்தனை கணினி, இத்தனை மணித்தியாலம் தேவை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்தால் வேலை தானாக ஓடும். கேட்ட நேரம் முடிந்தால், வேலை முடியாவிட்டாலும் நிறுத்தப்படும்.

அந்த வரிசையை நடத்துவது ஒரு மென்பொருள். யார் உள்ளே வரலாம், யாருக்கு எவ்வளவு, யார் முதலில் என்ற மூன்று கேள்விக்கும் அது ஒரு நொடிக்குள் பதில் சொல்லிவிடும். பதில் இவ்வளவு கெதியாக வருவதால், கேள்வியே தொழில்நுட்பக் கேள்வி என்று நினைத்துவிடுகிறோம்.

நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். இந்தக் கதைக்குள் எங்களுக்கு என்ன வேலை எண்டு கேட்கலாம். வரிசை என்றால் என்னவென்று, 2022இல் பெற்றோல் செட்டுக்கு முன்னால் நின்ற எங்கட தலைமுறைக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதி, இரவு முழுக்கக் காத்துக்கிடக்கக் கூடியவருக்கே வாய்க்கிற விதி என்று அப்போது கண்டோம். பிறகு கியூஆர் முறை வந்தது, கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று பங்கு வந்தது. வரிசை சுருங்கியது. அதே நேரம் 'எந்த வாகனத்துக்கு எவ்வளவு' என்ற புதிய வாக்குவாதமும் தொடங்கியது. விதி மாறும்போது வெல்கிற ஆளும் மாறுவார். கணினியைப் பங்குபோட்ட கதையும் இதுதான். வயது மட்டும் அறுபது வருடத்துக்கு மேல்.

மூன்று எட்டு மணித்தியாலம்

1957இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்துக்கு ஐ.பி.எம். நிறுவனம் தன்னுடைய 704 கணினி ஒன்றைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அப்படியொரு இயந்திரத்தை ஒரு பல்கலைக்கழகம் தன் காசில் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் ஓர் ஒப்பந்தம். ஒரு நாளின் 24 மணித்தியாலத்தையும் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு எம்.ஐ.ரி.க்கு, ஒரு பங்கு அந்தப் பிரதேசத்து மற்றக் கல்லூரிகளுக்கு, ஒரு பங்கு ஐ.பி.எம்.முக்கே. பல்கலைக்கழகக் கணினி நேரத்தின் ஆரம்பகாலப் பங்கீடுகளில் ஒன்றான இது, எந்த மென்பொருளாலும் வரவில்லை. கொடுத்தவர் தனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டு எழுதிய தாள் அது.

அந்தப் பங்குக்குள்ளும் ஆளுக்கு ஆள் இயந்திரத்தைத் தொட விடமாட்டார்கள். நிரலை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, இயக்குநரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர் எல்லாருடைய கட்டுகளையும் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார். பதில் வர மணித்தியாலக் கணக்கில் ஆகும், சிலவேளை ஒரு நாளும் போகும். ஒரு காற்புள்ளியை மறந்து விட்டிருந்தால், அது பிழை என்று அறியவே அடுத்த நாள்தான். இயந்திரத்தின் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த முறை. மனிதருடைய நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஃபெர்னாண்டோ கோர்பாற்றோ என்ற இளம் ஆய்வாளருக்கு இது பொறுக்கவில்லை. 1961 நவம்பரில் அவருடைய குழு எம்.ஐ.ரி.யில் ஒரு புதிய முறையைக் காட்டியது. ஒரே கணினியோடு பல தட்டச்சு முனையங்களை இணைத்தார்கள். கணினி ஒருவருடைய வேலையைச் சிறிது நேரம் செய்யும், பிறகு அடுத்தவருடையதற்குத் தாவும், திரும்ப வரும். மனிதர் யோசித்துத் தட்டுகிற இடைவெளிக்குள் இயந்திரம் மற்ற ஆக்களைக் கவனித்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் கணினி முழுக்கத் தன்னுடையது போலத் தெரியும். சி.ரி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர். 'நேரப் பகிர்வு' என்ற யோசனை பலரிடம் இருந்ததுதான். ஆனால் பலர் உண்மையாகவே நாளாந்தம் பாவித்த முறையாக அதை வளர்த்தவர்கள் இவர்கள்.

அதற்குள் ஒரு சின்ன நீதியும் இருந்தது. சின்ன வேலையோடு வருகிறவரை சிஸ்டம் கெதியாக முடித்து அனுப்பும். ஒருவருடைய வேலை நீண்டுகொண்டே போனால், அவரை ஒரு படி கீழே உள்ள வரிசைக்குத் தள்ளும். பிறகு இன்னொரு படி. கீழே போகப் போக முறை அரிதாகத்தான் வரும், வந்தால் நீண்ட நேரம் கிடைக்கும். கடையில் ஒரு பாண் மட்டும் வாங்க வந்தவரை, மாதச் சாமான் பட்டியலோடு நிற்பவருக்கு முன்னால் விடுகிற மாதிரி. யாருடைய வேலை பெரியது என்று முன்கூட்டியே கேட்க வேண்டியதில்லை. நடத்தையைப் பார்த்து சிஸ்டமே முடிவெடுக்கும்.

நான்கு மணித்தியாலம் போதாதவர்

ஒரே கணினிக்குள் பலருடைய கோப்புகள் வந்ததும் பூட்டுத் தேவைப்பட்டது. கோர்பாற்றோவின் குழு ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுத்தது. இன்றைக்கு எங்கட ஒவ்வொருவர் தலைக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு கிடக்கிற அந்தப் பாஸ்வேர்ட்டின் கணினி வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

கடவுச்சொல் இரகசியத்தைக் காப்பதற்கு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் இத்தனை மணித்தியாலம் என்று பங்கு இருந்தது. யார் எவ்வளவு எடுத்தார் என்று எழுத வேண்டுமென்றால், வந்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். பூட்டும் பங்கும் ஒன்றாகப் பிறந்தவை.

முதல் களவும் அங்கேதான் பிறந்தது. அலன் ஷேர் அப்போது எம்.ஐ.ரி.யில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட கணினிகள் எவ்வளவு திறமையாக வேலை செய்கின்றன என்று கணிப்பதே அவருடைய ஆய்வு. அதற்கு நிறைய நேரம் தேவை. அவருக்குக் கிடைத்ததோ கிழமைக்கு நான்கு மணித்தியாலம். துளையட்டையில் கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்தால் அதை அச்சிட்டுத் தருகிற வசதி அங்கே இருந்தது. 1962இல் அவர் கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்தார். அச்சாகி வந்தது. மற்றவர்களுடைய கணக்குகளுக்குள் போய் அவர்களுடைய நேரத்தில் தன் வேலையை ஓட்டினார். பல வருடங்களுக்குப் பிறகு இதைத் தானே வெளியில் சொன்னார்.

இதைச் சுவாரசியமான ஹக்கர் கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எங்களுக்கு அந்த நான்கு மணித்தியாலம்தான் கண்ணில் படுகிறது. அவர் யாருடைய இரகசியத்தையும் தேடவில்லை, காசும் எடுக்கவில்லை. ஆய்வை முடிக்க வேண்டியிருந்தது, பங்கு போதவில்லை, கூடக் கேட்க வழி அவருக்குத் தெரியவில்லை அல்லது இருக்கவில்லை. எங்கே பங்கு தேவைக்குப் பொருந்தாமல் இருக்கிறதோ, அங்கே ஓட்டை தேடுகிறவர் வருவார். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அந்த நேரம் இன்னொரு மாணவருடையது.

1966இல் இன்னொன்று நடந்தது. கடவுச்சொல் கோப்பைத் திருத்தும் வேலையும், உள்ளே வருகிறவர்களுக்குக் காட்டும் அறிவித்தலைத் திருத்தும் வேலையும் ஒரே நேரத்தில் நடந்தபோது இரண்டும் இடம் மாறிவிட்டன. அன்றைக்கு உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் தட்டச்சாகி வந்தன!

இதற்கான மருந்தை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் றோஜர் நீடாம் கண்டுபிடித்தார். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், திரும்ப மாற்றேலாத ஒரு கணக்குக்குள் போட்டு, வருகிற விடையை மட்டும் வைப்பது. தேங்காயைத் துருவலாம், துருவலிலிருந்து தேங்காயைத் திரும்ப எடுக்கேலாது. நீங்கள் தட்டுவதையும் அதேபோலத் துருவி, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பார்கள். கோப்பு களவு போனாலும் கடவுச்சொல் போகாது. ஆனாலும் மனிதர் மனிதர்தான். பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சனும் றொபேட் மொறிஸும் 1979இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாவனையாளர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 சதவீதம், சில எழுத்துகளே கொண்டவையாகவோ அகராதியில் கிடைப்பவையாகவோ இருந்தன. துருவினாலும் மணத்திலேயே தெரிந்துவிடும் தேங்காய்கள்.

நூலகம் மாதிரி ஒரு கணினி

எம்.ஐ.ரி. பங்குபோட்டுக் காவல் வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சற்று வடக்கே, டாட்மத் என்ற சின்னக் கல்லூரியில் வேறொரு யோசனை ஓடியது. ஜோன் கெமினி, தோமஸ் கேர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள். கெமினி ஹங்கேரியில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் படிக்கும்போது ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர்.

அவர்கள் பார்த்த விசயம் எளிமையானது. டாட்மத்தில் விஞ்ஞானமும் பொறியியலும் படித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மற்ற முக்கால்வாசி கலையும் சமூக விஞ்ஞானமும். நாளைக்கு நிறுவனங்களிலும் அரசாங்கத்திலும் கணினி பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த முக்கால்வாசிக்குள்தான் இருப்பார்கள். கணினியைத் தொடாமலே அவர்கள் எப்படி அதைப் பற்றி முடிவெடுப்பது? விரிவுரை வைத்துச் சொல்லித்தருவது சரிவராது, கையால் செய்து பார்க்க வேண்டும் என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

அதற்காக பேசிக் என்ற எளிய மொழியை எழுதினார்கள். 1964 மே 1, அதிகாலை நான்கு மணிபோல, முதல் பேசிக் நிரல்கள் அங்கே ஓடின. அந்த நேரப் பகிர்வு முறைக்கான நிரல்களில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளமானி மாணவர்கள். எங்கட வயசு ஆக்கள். மாணவர் எவரும் முனையத்தின் முன்னால் போய் இருக்கலாம், காசு கேட்க மாட்டார்கள், எதற்கு என்றும் கேட்க மாட்டார்கள். கெமினி இதைத் திறந்த அலுமாரி நூலகத்தோடு ஒப்பிட்டார். புத்தகம் எடுக்க வருகிறவரிடம் 'உனக்கு இது எதற்கு?' என்று நூலகர் கேட்பதில்லை. கணினிக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இதை வாசிக்கும்போது எங்களுக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது உண்மை. கணினி ஆய்வுகூடம் என்றாலே அது வேறு பீடத்துச் சொத்து என்று நினைத்துப் பழகிய ஆக்களுக்கு, கலை மாணவரை மனதில் வைத்தே ஒரு கணினி முறை கட்டப்பட்டது என்பது சின்னச் செய்தியில்லை.

ஆனால் திறந்த கதவுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 1972 வரை டாட்மத் இளமானிப் படிப்புக்கு ஆண்களை மட்டும் சேர்த்த கல்லூரி. 'எல்லா மாணவருக்கும்' என்று சொன்னபோது அந்த 'எல்லாருக்குள்ளும்' பெண்கள் இல்லை. ஜோய் லிசி ராங்கின் எழுதி 2018இல் வந்த, அமெரிக்காவில் கணினிப் பாவனையின் மக்கள் வரலாறு பற்றிய நூல் இதை வடிவாகப் பேசுகிறது. டாட்மத்தின் திறந்த மனதைப் புகழ்ந்துகொண்டே, அங்கே எப்படி ஓர் ஆண்களின் கணினிக் கலாசாரம் உருவானது என்றும் காட்டுகிறது. கதையின் நல்ல திருப்பம், பெண்களைச் சேர்த்தபோது கல்லூரியின் தலைவராக இருந்தவர் அதே கெமினி. கணினிக்குள் யார் வரலாம் என்ற கேள்வி, கம்பஸுக்குள் யார் வரலாம் என்ற கேள்விக்குப் பின்னால்தான் வரும். எந்த மென்பொருளும் அதை முந்திக்கொண்டு தீர்க்காது.

ஞாபகமும் மறதியும்

எல்லாருக்கும் திறந்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா? முடியவில்லை. பங்கு எப்படி என்பது இன்னும் மீதி. இந்த இடத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அவுஸ்திரேலியாவில் நடந்தது.

சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையில் மாணவரும் ஊழியரும் யுனிக்ஸ் ஓடுகிற கணினிகளைப் பங்குபோட்டுப் பாவித்தார்கள். யுனிக்ஸ் அப்போது பார்த்தது ஆளை இல்லை, ஓடுகிற வேலைகளைத்தான். ஒவ்வொரு வேலைக்கும் சமமாகப் பிரிக்கும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒருவர் ஒரு வேலையும் இன்னொருவர் ஒன்பது வேலையும் ஓடவிட்டால், பத்தில் ஒன்பது பங்கு இரண்டாமவருக்குப் போய்விடும். ஒரு வகுப்புக்கு நாளைக்கு அசைன்மென்ற் கொடுக்கவேண்டும் என்றால், அந்த வகுப்பே திரண்டு வந்து ஏறும். சம்பந்தமில்லாத மற்ற வகுப்புக்காரரின் வேலையும் அன்றைக்கு நகராது.

ஜூடி கே, பியர்ஸ் லோடர் என்ற இருவர் இதற்கு எழுதிய தீர்வு 1988 ஜனவரியில் கட்டுரையாக வெளிவந்தது. 'நியாயப் பங்கு' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மூன்று யோசனைகள் அதற்குள் இருக்கின்றன.

முதலாவது, வேலையைப் பார்க்காதே, ஆளைப் பார். ஒருவர் எத்தனை வேலை ஓடவிட்டாலும் அவருக்கு ஒரு பங்குதான். இரண்டாவது, ஆளுக்கு மேலே குழு. துறைக்கு இவ்வளவு, அதற்குள் வகுப்புக்கு இவ்வளவு, அதற்குள் மாணவருக்கு இவ்வளவு. ஒரு வகுப்பின் அவசரம் அந்த வகுப்பின் பங்குக்குள்ளேயே நெரிபடும்.

மூன்றாவதுதான் அழகு. சிஸ்டம் ஞாபகம் வைத்திருக்கும், ஆனால் மறக்கவும் செய்யும். நீங்கள் அண்மையில் நிறைய எடுத்திருந்தால் வரிசையில் பின்னுக்குப் போவீர்கள். எடுக்காமல் இருந்தவர் முன்னுக்கு வருவார். ஆனால் பழைய பாவனை நாள் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும். ஏழு நாளில் பாதியாகும் என்று வையுங்கள். இந்தக் கிழமை 600 மணித்தியாலம் எடுத்த குழுவின் கணக்கில் அடுத்த கிழமை 300தான் நிற்கும், அதற்கடுத்தது 150, நான்கு கிழமை முடிய 37 மணித்தியாலமும் அரையும். புதிதாக எடுக்காவிட்டால் கிட்டத்தட்டச் சுத்தம். தண்டனையும் இல்லை, நிரந்தரச் சலுகையும் இல்லை.

இதே யோசனையைச் சற்று முன்பின்னாக வேறு இடங்களிலும் செய்திருக்கிறார்கள். இன்றைய கிளஸ்டர்களில் ஓடுகிற வரிசை மென்பொருளுக்குள்ளும் இது இருக்கிறது. அங்கேயும் பழைய பாவனை பாதியாகத் தேய, வேறு சொல்லாவிட்டால், ஏழு நாள்தான். ஆனால் அந்த ஏழை ஒன்றாக மாற்றலாம், முப்பதாகவும் மாற்றலாம். ஒன்று என்றால் நேற்று மட்டும் ஞாபகம் இருக்கும். முப்பது என்றால் போன மாதப் பாவனைக்கும் இந்த மாதம் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு ஞாபகம் நியாயம்? இதற்குக் கணிதத்தில் விடை இல்லை.

இடைவெளியில் புகுந்தவர்கள்

1994இல் நாசாவின் கொடார்ட் விண்வெளி மையத்தில் தோமஸ் ஸ்ரேலிங்கும் டொனால்ட் பெக்கரும் கடைகளில் கிடைக்கிற சாதாரண கணினிகள் 16ஐ வாங்கி, சாதாரண வலையமைப்பால் இணைத்து, இலவச மென்பொருளைப் போட்டு ஒன்றாக ஓடவிட்டார்கள். பேவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் கொடுக்க முடியாத பல்கலைக்கழகங்களுக்கு இது கதவைத் திறந்தது. எங்கட காலத்துக் கிளஸ்டரின் நேரடி மூதாதை இது.

பல கணினி என்றால் புதிய சிக்கல். 10 கணினி உள்ள கிளஸ்டர் ஒன்றை நினையுங்கள். மத்தியானம் 2 மணி. 6 கணினியில் ஏற்கனவே வேலை ஓடுகிறது, 5 மணிக்குத்தான் முடியும். வரிசையில் முதலாவதாக நிற்பவருக்கு 10 கணினியும் வேண்டும். அவர் 5 மணி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மிச்சம் 4 கணினியும் சும்மா கிடக்குமா? அவற்றைப் பின்னால் நிற்கிற சின்ன வேலைக்காரருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால், பெரிய வேலைக்காரருக்கு முறை எப்போதும் வராது.

1995இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் டேவிட் லிஃப்கா ஒரு நடுவழியை விபரித்தார். பின்னால் நிற்பவர் முந்தலாம், ஆனால் முன்னால் நிற்பவர் தொடங்குகிற நேரம் பிந்தக் கூடாது. 4 கணினியும் 2 மணித்தியாலமும் கேட்பவர் 4 மணிக்கே முடித்துவிடுவார், அவரை விடலாம். 4 மணித்தியாலம் கேட்பவர் 6 மணி வரை பிடித்துக்கொள்வார், அவர் நிற்க வேண்டும். யாருக்கும் நட்டம் இல்லை, இயந்திரமும் சும்மா கிடக்கவில்லை.

இது சரிவர ஒரு விசயம் வேண்டும். ஒவ்வொருவரும் தன் வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உண்மைக்குக் கிட்டச் சொல்ல வேண்டும். கேட்ட நேரம் முடிந்தால் வேலை நிறுத்தப்படும் என்பதால் ஆக்கள் பயத்தில் கூட்டிக் கேட்பார்கள். கூட்டிக் கேட்டால் இடைவெளிக்குள் நுழையேலாது. குறைத்துக் கேட்டால் வேலை பாதியில் சாகும். எந்தத் திணைக்களத்திலாவது படிவம் நிரப்பிய எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

இந்த விதிகளை எல்லாம் இன்று உலகின் பெரிய கணினிகள் பலவற்றில் நடத்துவது ஸ்லர்ம் என்ற திறந்த மென்பொருள். 2002 அளவில் லோறன்ஸ் லிவமோர் தேசிய ஆய்வுகூடத்தில் தொடங்கியது. எவரும் அதன் நிரலைத் திறந்து வாசிக்கலாம்.

75 சதம்

பங்கைக் கணக்கு வைப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. 1986இல் கலிபோர்னியாவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் கிளிஃபோர்ட் ஸ்ரோல் என்ற வானியலாளர், ஆய்வு நிதி முடிந்ததால், கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே கணினி நேரத்துக்குக் காசு அறவிடுவார்கள். இரண்டு கணக்கு நிரல்களுக்கிடையில் 75 சதம் இடித்தது. விடு என்று சொல்லாமல் அவர் தேடினார். யாரோ ஒருவர், கட்டணம் அனுப்ப முகவரியே இல்லாத ஒரு கணக்கில் சில நொடிகள் ஓடியிருந்தார். மாதக்கணக்கில் பின்தொடர்ந்து போனபோது அது ஜேர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் முடிந்தது. அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துழாவி, எடுத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற குழுவில் ஒருவர் அவர். யார் எவ்வளவு எடுத்தார் என்று நேர்மையாக எழுதி வைத்தது காவலாகவும் வேலை செய்தது.

இன்றைக்கும் அது தேவை. 2020 மே மாதம், கொரோனாக் காலத்தில், ஐரோப்பாவின் பல ஆய்வுக் கணினிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. எடின்பரோவின் ஆச்சர், ஜேர்மனியின் பல கிளஸ்டர்கள். களவெடுத்த பாவனையாளர் கணக்குகளால் உள்ளே வந்திருந்தார்கள். சில இடங்களில் அவர்கள் செய்தது கிரிப்டோ நாணயம் தோண்டும் வேலை. அலன் ஷேர் தேடிய அதே பொருள், கணினி நேரம். ஓர் ஆய்வாளருடைய திறப்பு இன்னொரு நாட்டுக் கிளஸ்டரையும் திறக்கும் என்பதால், ஒரு வீட்டில் விழுந்த திறப்பால் தெரு முழுக்கத் திறபட்டது. ஆச்சர் எல்லாருடைய கடவுச்சொல்லையும் திறப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. நேர்மையான ஆய்வாளர் நாட்கணக்கில் வெளியே நின்றார்கள்.

அந்த எண்ணை எழுதுவது யார்?

இன்றைய பல்கலைக்கழகக் கிளஸ்டர் பலவற்றில் ஒரு மாணவி தானாகக் கணக்கு எடுக்கேலாது. ஒரு பேராசிரியர் பொறுப்பேற்க வேண்டும். பேராசிரியரின் பங்குக்குள்தான் மாணவியின் பங்கு. பேராசிரியருக்குப் பங்கு எப்படி வருகிறது? ஆய்வு நிதியில் கணினிகளை வாங்கிக் கிளஸ்டரில் சேர்த்தால் அவருக்கு முன்னுரிமை. அவர் பாவிக்காத நேரம் மற்றவர்கள் பாவிக்கலாம், அவர் வந்ததும் விலக வேண்டியும் வரலாம். இது முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டோம். காசு போட்டவருக்கு ஏதும் கிடைக்காவிட்டால் அவர் தனியாக ஒன்று வாங்கித் தன் அறைக்குள் பூட்டி வைப்பார், அது ஒருவருக்கும் உதவாது. ஆனால் இந்த விதியை மட்டும் வைத்தால், பெரிய நிதி கிடைக்கிற துறை வரிசையிலும் முன்னுக்கு நிற்கும். வரலாறு, மொழி, சமூகவியல் எப்போதும் மிச்ச நேரத்தில்தான்.

சில இடங்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் உள்ள சாவியோ கிளஸ்டரில் காசு போட்டவருக்குப் பங்கு இருக்கிறது. அதோடு, எந்தத் துறையின் ஆய்வாளராக இருந்தாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஓர் இலவச ஒதுக்கீடும் இருக்கிறது. கெமினியின் நூலகம் முழுக்கச் செத்துவிடவில்லை.

நாங்கள் படித்து முடிக்கும் காலத்துக்குள், பழைய பத்திரிகைகளையும் ஏடுகளையும் இயந்திரத்தால் வாசிக்க வைத்துத் தேடுவது கலைப்பீடத்தின் சாதாரண வேலையாகிவிடும். அப்போது எங்கட கம்பஸுகளுக்குள்ளும் இந்த வரிசை வரும், பங்கு வரும், விதி வரும். அதை எழுதுகிற மேசையில் விதி தெரிந்த ஆக்கள் மட்டும் இருந்தால் போதாது. விதியால் பின்னுக்குப் போகிறவர்களும் இருக்க வேண்டும். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்கக் கட்டாயம் இல்லை. மூன்று கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். யாருக்குக் கணக்கு? யாருக்கு எவ்வளவு? அந்தப் பங்குப் பட்டியலை எங்களுக்கும் காட்டுவீர்களா?

பழைய பாவனை எப்படித் தேய்கிறது, இடைவெளிக்குள் எந்த வேலை பொருந்தும் என்பதையெல்லாம் மென்பொருள் தசம தானம் வரைக்கும் பிழையில்லாமல் கணக்கிடும். ஆனால் அந்தக் கணக்குத் தொடங்கமுதல், ஒவ்வொரு குழுவின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் எழுதப்பட வேண்டும். அதை எழுதுவது எப்போதும் ஒரு மனிதர்.